நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்

கம்பம்,
நவம்பர் 14

அன்பு மகன் ரபீக்குக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். ரப்புடைய கிருபையில் இங்கே மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அந்த அளவுக்கு நலம். நீயும் மருமகள் சாதியாவும் பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். போன் இருக்க அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்வார்கள், உள்ளே படுத்திருக்கிற உன் தம்பி அஜீசுக்கும் கேட்கும். இது உனக்கு மட்டும் தெரிய வேண்டியது.

ஸ்டேஷன் வேகன் விஷயம்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் மலைத் தோட்டத்து ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததை அத்தா வாங்கி வந்து, உன் தம்பியும் அல்லிநகரத்து மெக்கானிக் ஸ்டீவனும் சேர்ந்து கழற்றிப் பூட்டினார்களே, அப்போது அஜீஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். “அத்தா, எஞ்சினு நல்லாருக்கு, நாலு வீலும் இழுக்குது, ஆனா மூட்டையேத்திக்கிட்டு எறங்குறப்ப பிரேக் பிடிக்க மாட்டேங்குது, பழைய டிரம் பிரேக்கத் தூக்கிட்டு டிஸ்க் பிரேக் போட்டுருவோம்” என்றான். நீ மெல்போர்னிலிருந்து, “ஒரு போல்ட்டக்கூட மாத்தாதீக அத்தா, ஒரிஜினலா இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு” என்றாய். பெரியவனுக்குத் தெரியாததா என்று அத்தா உன் பேச்சைக் கேட்டார்கள். நீயும் போட்டோவை உன் பழைய கார் சிநேகிதர்களுக்கெல்லாம் அனுப்பினாய். வண்டியில் ஏறி இறங்குகிறவன் அவன்தானே என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது என் மேல் இருக்கிறது.

போன வருஷம் குமுளியிலிருந்து ஏலக்காய் மூட்டையோடு இறங்கும்போது லோயர் கேம்ப்புக்கு இரண்டு வளைவு மேலே பிரேக் போய்விட்டது. எதிரே ஆள் நிறைந்த பஸ், மறுபக்கம் பள்ளம். பாறையில் கொண்டுபோய் மோதிவிட்டான். “பெடலு தரையோட ஒட்டிருச்சும்மா” என்றுதான் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் சொன்னான். முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, நீ போன் பண்ணி அத்தாவிடம், வண்டிக்கு ரொம்ப அடியா, சேசிஸ் வளைந்துவிட்டதா என்று கேட்டாய். அது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது, கட்டிலில் கிடந்த அவனுக்கும் கேட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த வண்டியை இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று நான் காலில் விழாத குறை. அத்தா கேட்கவில்லை. லாரியில் ஏற்றி ஸ்டீவனிடமே கொண்டுபோய்ப் போட்டார்கள், பத்து மாதம் கடையையும் பார்க்காமல் அல்லிநகரமே கதி என்று கிடந்தார்கள். முன்பக்கத்தை அறுத்துப் புதிதாகக் கட்டி, பவர் ஸ்டீயரிங், சீட் பெல்ட், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், இடது கால் இல்லாதவன் ஓட்டுவதற்குக் கையால் பிடிக்கிற கிளட்ச் என்று எல்லாம் வைத்தார்கள். பிள்ளை கேட்டது ஒன்று, கேட்காதது பத்து. ஸ்டீவனே என்னிடம், “அக்கா, சார் ஒவ்வொரு நட்டையும் நாலு தடவ தொட்டுப் பாக்குறாக, எனக்குப் பாக்கவே சங்கட்டமா இருக்கு” என்றான்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வண்டியைக் கொண்டுவந்து களத்தில் நிறுத்தி, சாவியை அஜீசிடம் நீட்டினார்கள். வாங்க மாட்டான் என்று நினைத்தேன். வாங்கினான். செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு, கதவைப் பிடித்து ஏறி, ஒற்றைக் காலால் களத்தை இரண்டு சுற்று சுற்றினான். மூன்றாவது சுற்றில் வேகமாக வந்து எங்கள் முன்னால் ஓங்கி ஒரு மிதி மிதித்தான். வண்டி அப்படியே நின்றது. அத்தா சிரித்துக்கொண்டே கிட்டே போனார்கள். அவன் இறங்கி, “நல்லா நிக்குதுத்தா. அன்னைக்கும் இப்பிடித்தான் நின்னுருக்கும்” என்றான். சாவியை அவர்கள் கையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டான். அத்தா வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தவர்கள் அஸர் தொழுகைக்கும் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது, “ரபீக்குக்கு இதச் சொல்லிராத, பாவம், அவென் மனசு கஷ்டப்படுவான்” என்றார்கள். அந்த வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வீட்டில் எல்லாருக்கும் கஷ்டம் இருக்கிறது, உனக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

முடிந்த வண்டியை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி நேற்றும் அத்தாவிடம் கேட்டிருக்கிறாய். இனிமேல் கேட்காதே. உன் தம்பிக்குப் போன் போடு. ஒன்றே கால் வருஷமாக நீ அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் எடுக்க மாட்டான், மறுநாளும் போடு. எடுத்தால் உன் பக்க நியாயத்தைச் சொல்லாதே, அவன் பேசுவதைக் கேட்டுக்கொள், திட்டினாலும் கேட்டுக்கொள்.

பிள்ளைக்குச் சளி என்றாயே, வெறுங்காலோடு விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஈரமான நெஞ்சையும் தரட்டும். இரண்டாவதைத்தான் நான் அதிகம் கேட்கிறேன்.

உன்னைப் பெற்ற அம்மா,
ரஃபியா