பெட்டியிலிருந்து எடுத்த அரக்குச் சேலை

ஐப்பசி 9, புதன்

விடிந்தது முதல் மழை. தேனி தாண்டியதும் பலத்தது. குமுளி ஏரியைப் பார்க்க வேண்டுமென்று விசாலம் பல வருஷமாகக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியே ஆயுள் போயிற்று, மனைவிக்கு ஒரு மலையைக் காட்டவில்லை. ஆகவே திருச்சியிலிருந்து வாடகைக் கார். வழியெல்லாம் வி.க்குக் குமட்டல். எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. கார் என்றாலே அப்படித்தான்.

உத்தமபாளையத்தில் அச்சு முறிந்தது. டிரைவர் பஸ் ஏறித் தேனிக்குத் திரும்பினான், சாமான் வாங்க. கோயிலுக்குப் பின்தெருவில் செல்லையா என்ற விவசாயி உள்ளறையை ஒழித்துக் கொடுத்தார். அவர் மனைவி வீரம்மாள். நல்ல மனிதர்கள்.

நனைந்தவை: டிரங்குப் பெட்டி, உள்ளிருந்த துணி அனைத்தும், என் மூக்குப்பொடி.

வி. ஈரச் சேலையில் நடுங்கினாள். வீரம்மாளிடம் ஒரு சேலை கேட்க இரண்டு முறை கதவுவரை போனேன். வாய் வரவில்லை. அறை மூலையில் பலகை மேல் ஓலைப்பெட்டி; உள்ளே மடித்த அரக்குச் சேலை, மஞ்சள் கிழங்கு, கண்ணாடி வளையல். எடுத்துக் கொடுத்தேன். "அவங்க கொடுத்தாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

பெட்டி முன் ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கவும் செய்தேன்.

ஐப்பசி 10, வியாழன்

தூறல். காபி இல்லை, நீராகாரம். வயிற்றுக்கு நல்லது.

காலையில் வி. முற்றத்துக்கு வந்ததும் வீரம்மாள் கையிலிருந்த செம்பு விழுந்தது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டாள். செல்லையா ஓடி வந்தார்.

"அக்கா எறங்கி வந்துட்டாக!"

பிறகு விஷயம் தெரிந்தது. செல்லையாவின் அக்காள் பேச்சி, கன்னிப்பெண், ஆற்றில் போனவள். வீட்டுத் தெய்வம். சேலை அவளுடையது. தையில் ஒருநாள் மட்டும் பெட்டி திறந்து புதுச்சேலை மாற்றுவார்களாம். வேறு நாளில் சேலை தானாக வெளியே வந்தால் அவளே வந்தாள் என்று அர்த்தமாம்.

"ஆரு எடுத்துக் குடுத்தா, ஆத்தா?" என்று செல்லையா கேட்டார். வி. என்னைப் பார்த்தாள். நான் ஓட்டில் வழியும் மழைநீரைப் பார்த்தேன்.

தெருவே கூடிவிட்டது. ஒருத்தி: "ஏ வீரம்மா, ஒங்க நாத்தனா போகயில சின்னக் குமரி. இப்ப நரைச்சுப் போயில்ல வந்திருக்காக!"

வீரம்மாள்: "இத்தன வருசத்துல நீ மட்டும் குமரியாவா இருக்க?"

சிரிப்பு. வி.யும் சிரித்தாள். இன்னொருத்தி, "எம் மருமக தாய்வீட்டுலருந்து வருவாளா ஆத்தா?" என்றாள். "நீ அவளை வையறதை நிறுத்து, வருவா," என்றாள் வி. கூட்டத்துக்குப் பரம திருப்தி.

வி.யைத் தனியே கூப்பிட்டு, சேலையை மாற்றிவிடு, உன்னுடையது காய்ந்துவிட்டது என்றேன். "இருக்கட்டுங்க. இத்தனை வருஷத்துல என்னை யார் என்ன கேட்டாங்க? இவங்க கேக்கறாங்க."

காய்ந்த சேலையை மடித்து வைத்தேன்.

மழை விட்ட நேரம் பாறைச் சிற்பங்கள் பார்க்கப் போனேன். சமணர் உருவங்கள், வரிசையாக, முகம் தேய்ந்து. அவர்கள் முன் நின்று ஒத்திகை: "சேலையை எடுத்தது நான்தான். மன்னிக்க வேண்டும்." கல்லிடமே இரண்டு முறை பிசகிற்று.

திரும்பினேன். வி. சம்மணமிட்டு உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். கம்பு அவளுக்கு ஆகாது. என்னைப் பார்க்காமல் செல்லையாவைக் கூப்பிட்டாள்.

"ஏலே செல்லையா, கரும்புத் தோகை கிழிச்ச தழும்பு இன்னும் கெடக்காலே?"

அவர் நேற்றிலிருந்து போர்வையைக் கழற்றவே இல்லை. இப்போது விலக்கினார். தோளில் நீளமாகத் தழும்பு. அழுதார். குழந்தையில் பட்டதாம், அக்காளோடு தோட்டத்துக்குப் போனபோது.

வீரம்மாள் சொல்லியிருக்கலாம். பெண்கள் பேசுவார்கள். இருக்கலாம். ஆனால் வி. தன் ஆயுளில் யாரையும் ஏலே என்றதில்லை.

ஐப்பசி 11, வெள்ளி

வெயில். டிரைவர் வந்துவிட்டான், அச்சு மாட்டியாயிற்று. புறப்படலாம் என்றேன்.

"வழியனுப்பாம எப்படிங்கய்யா?" என்றார் செல்லையா. அக்காள் போன துறையிலேயே உச்சிப்பொழுதில் மூன்று முழுக்கு. சேலையை அங்கேயே களைந்து பெட்டியில் வைத்து மூட வேண்டும். அதுதான் முறையாம். முல்லையாறு செம்மண்ணாகப் போகிறது. வி.க்கு நீந்தத் தெரியாது. முழங்கால் தண்ணீருக்கே பயப்படுவாள்.

சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும், ஒத்திகை பார்த்தபடி, ஒரு வார்த்தை பிசகாமல்.

செல்லையா கோபப்படவில்லை. "தெரியும்யா. ஒங்க கைய வச்சுத்தான எடுத்திருக்காக. இல்லாட்டி ஊரு பேரு தெரியாத நீங்க எதுக்கு அங்கன போயித் தெறக்குறீக?"

செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்பினேன்.

வி. முன்னால் நடந்தாள். துறைக்கு வழி யாரும் காட்டவில்லை. கையைப் பிடித்தேன், மெல்ல விடுவித்துக்கொண்டாள். முதல் முழுக்கு. இரண்டாவது. மூன்றாவதில் எழ நேரமாயிற்று. நான் கரையில் நின்றேன். இறங்கவில்லை. எழுந்தாள். பெண்கள் மறைப்புப் பிடிக்க, தன் சேலைக்கு மாறி வந்தாள். கும்பிட்டேன், யாரை என்று தெரியாமல்.

வீட்டில் பெட்டியை மூடி, அகல் ஏற்றினார்கள். மூக்குக்கண்ணாடி எடுக்க உள்ளே போனேன். வீரம்மாள் பெட்டியிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அழுகாதீக, திருச்சி ஆத்தா. தையில தெறப்போம். அதுவரைக்கும் பழகிக்கிருவீக."

அதே நாள், காரில்

எழுத்து ஆடுகிறது. கம்பம், கூடலூர் தாண்டியாயிற்று. மலையேற்றம். வளைவுக்கு மேல் வளைவு. வி. பக்கத்தில்தான். அதே மூக்குத்தி, கழுத்தில் அதே மச்சம். சரிபார்த்தேன்.

எலுமிச்சம்பழத்தை நீட்டினேன். வாங்கி, புரட்டிப் பார்த்து, ஜன்னல் வழியே எறிந்தாள். தலையை வெளியே நீட்டி, காற்றில் கூந்தல் பிரிய, "இன்னும் வெரசா போகச் சொல்லுங்க!" என்று சிரிக்கிறாள்.

வண்டியைத் திருப்பு. இதைத்தான் டிரைவரிடம் சொல்ல வேண்டும். சிறிய வாக்கியம். இந்த வளைவு தாண்டியதும்