ஞாயிற்றுக்கிழமை பேன்கேக்கும் என் வாயும்

இன்று காலை சமையலறையிலிருந்து மூன்று தட்டு கேட்டது. டங், டங், டங். தவாவின் விளிம்பில் கரண்டியால். பீரோவில் எதையோ தேடிக்கொண்டிருந்த என் கையிலிருந்த சாவி விழுந்துவிட்டது.

தங்கச் சுரங்கத்து ஷாஃப்டில், ஆளை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணியடிக்கும் வேலை உங்களுக்கு. ஆள் ஏறுகிறது என்றால் மூன்று. அந்தக் கணக்கை வீட்டுக்கும் கொண்டுவந்து, பேன்கேக் தயார், எல்லாரும் வந்து உட்காருங்கள் என்பதற்கு நீங்கள் தட்டும் தட்டு அது. நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அந்தச் சத்தம் நின்று இருபது வருடத்துக்கு மேலாகிறது. நடுவில் உள்ள வருடங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

மாவு கலக்கும் முன்பே தட்டிப் பார்த்தது நம் மகன் கௌதம். பெங்களூரில் அவன் கம்பெனியில் ஆளைக் குறைத்துவிட்டார்கள். இரண்டு மாதமாக வீட்டில் இருக்கிறான். மருமகள் ரூபா வேலைக்கு ரயில் பிடிக்க விடிவதற்கு முன் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு ஓடுகிறாள். இவன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பெற்ற பெண்ணே அவன் மடியில் ஏறத் தயங்குகிறாள். அப்படிப்பட்டவன் இன்று தானாக எழுந்து, முட்டை வாங்கிவந்து, மைதாவைச் சலித்துக்கொண்டிருந்தான். ரூபா ஒரு பேன்கேக் மாவுப் பாக்கெட்டை நீட்டி, "இதுல தண்ணி ஊத்தினா போதுங்க" என்றாள்.

"எங்கப்பா பாக்கெட்ட ஒடச்சா செஞ்சாரு?" என்றான். இரண்டு மாதத்தில் அவன் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. அவன் லுங்கியை மடித்துக் கட்டி, மாவுக்குள் குனிந்து கட்டி தேடும் கோலத்தைப் பார்த்ததும் மூன்று கிண்டல் வரிசையாக வந்து நின்றன. அதில் ஒன்று அவன் வேலையைப் பற்றியது. அதை இங்கே எழுதக்கூட மாட்டேன்.

மைன்ஸ் மூடிய வருடம் நீங்களும் வேலை போய், ஞாயிறுதோறும் இப்படித்தான் அடுப்படியில் நின்றீர்கள். சின்ன வயதில், உங்கள் அம்மா பாத்திரம் துலக்கிய வெள்ளைக்கார துரை பங்களாவின் பின்வாசலில் உட்கார்ந்து பார்த்துக் கற்ற வேலை. மைதாவில் குழி பறித்து முட்டையை ஊற்றுவீர்கள். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒரே பக்கமாகக் கலக்குவீர்கள். அரை மணி நேரம் மூடிவைத்துவிட்டு, அதுவரை தேங்காயும் வெல்லமும் கிளறுவீர்கள். தவாவைச் சாய்த்துச் சுழற்றினால் மாவு தானே ஓடி விளிம்பைப் பிடிக்கும். பிள்ளை ஆலாய்ப் பறப்பான். நான் மட்டும், முட்டையில் இனிப்பா என்று முகத்தைச் சுளித்து, ஒரு வாரமும் தொட்டதில்லை.

ஒரு ஞாயிறு பக்கத்து மைசூர் மைன்ஸிலிருந்து என் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். நீங்கள் வேர்த்து வழியப் பரிமாறினீர்கள். நான் சும்மா இருந்தேனா?

"மைன்ஸ மூடிட்டாங்கன்னு யாருண்ணா சொன்னது? உங்க மச்சான் இங்க தவாவுல தங்கம் தோண்டினு கீறாரு பாரு!"

அண்ணனுக்குப் புரையேறியது. நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே எனக்கொரு தட்டு வைத்தீர்கள். "இந்த வெள்ளக்காரன் தோசை எனக்கு வேணாம்" என்று தள்ளிவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு வீட்டில் முட்டை இல்லை. தட்டும் சத்தமே இல்லை என்பது நாலு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. "இன்னாங்க, கடைய மூடிட்டீங்களா?" என்றேன். "மாவு கலக்கக் கை வலிக்குதும்மே" என்றீர்கள். பாறைக்குள் உழைத்த கைக்கா மாவு கலக்க வலிக்கும்?

அதனால் இன்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். உட்கார முடியவில்லை. நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றினேன். மடித்த துணியை உதறி மறுபடி மடித்தேன். முதல் பேன்கேக் கிழிந்தது. அவன் என்னைப் பார்த்தான், நான் காலண்டரைப் பார்த்தேன். எனக்கு வைத்ததைச் சத்தமில்லாமல் பிட்டு வாயில் போட்டேன்.

"இன்னாம்மா, ஒண்ணுமே சொல்லல? அவ்ளோ மோசமாவா கீது?"

"நல்லா கீதுப்பா."

ரூபா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அத்தை, உடம்பு சரியில்லையா?"

அவன் முகம் சுருங்கியது. அடுப்பை அணைக்கக் கை குமிழுக்குப் போனது. அன்று என் பேச்சு செய்ததை இன்று என் மௌனம் செய்கிறதே என்று பதறிப்போனேன்.

"அணைக்காதடா! நான் வாயத் தொறந்தா நீயும் உங்கப்பா மாதிரி வுட்டுருவேன்னுதான் பயந்துக்கினு கீறேன். என் கிண்டலாலதானே அவரு வுட்டாரு."

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "உன் கிண்டலுக்கா? அத தெனமும்தான் கேட்டாரு. ஒருவாட்டி ஸ்டேஷனுக்கு நடக்கறப்ப எங்கிட்ட சொன்னாரு. 'இன்னா வேணா பேசட்டும்டா, உங்கம்மா ஒண்ணாவது துன்னிருக்கலாம்'னு."

அடுப்பில் தவா காய்ந்துகொண்டிருந்தது. நான் தட்டை நீட்டினேன்.

"இன்னொண்ணு போடு. இது ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்ச மாவு. பூரணம் சட்டை மாட்டாம வெளிய ஓடுது. இதுக்கு நீ ரெண்டு மாசமா யோசிச்சியா?"

"ஐயோ, அத்தை!" என்று ரூபா வாயைப் பொத்தினாள். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு மாவை ஊற்றினான். தோள் குலுங்கியது. சிரிப்புதான். குழந்தை போய் அவன் காலைக் கட்டிக்கொண்டது.

ஐந்து தின்றேன். நெஞ்சைக் கரிக்கிறது, படுக்கவும் முடியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தட்டைக் கழுவும்போது ரூபா கேட்டாள், "மாமா செஞ்சதும் இப்பிடித்தான் இருக்குமா அத்தை?" ஒன்றுகூடத் தின்று பார்க்காத நான் கௌதம் பக்கம் திரும்பினேன். அவன்தான் சொன்னான்: "அவருது இன்னும் மெல்லிசா இருக்கும். ஓரம் மொறுமொறுன்னு இருக்கும்."

உங்கள் கைருசியில் இப்போது என்னிடம் இருப்பது அவ்வளவுதான், பிள்ளை சொல்லக் கேட்டது.