உயிரோடு இருப்பதற்குச் சான்று

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பவர் பத்திரத்தை சாதிக் பாட்ஷா பாயின் டைப்பிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தேன். பாய் தொண்டிக்காரர். இங்கே அபுதாபி முசஃபாவில் இருக்கும் நம்மூர் ஆட்களின் எல்லாக் காகிதமும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போகும். "கையெழுத்த இங்கேயே போட்டுறாதீங்க. எம்பசியில ஆபீசர் கண்ணு முன்னாடிதான் போடணும்" என்றார்.

சிவகங்கை பைபாஸ் பக்கம் வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்ட வேண்டும். பிளான் அப்ரூவல், கரண்ட் கனெக்‌ஷன் எல்லாவற்றுக்கும் மனைக்காரன் கையெழுத்து வேண்டுமாம். மனைக்காரன் இங்கே யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருக்கிறான். லீவு அடுத்த வருடம்தான். அதனால் எனக்குப் பதிலாக மச்சான், என் மனைவி ராதிகாவின் அண்ணன் சேதுபதி, கையெழுத்துப் போடுவார். ராதிகா பேரிலேயே பவர் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "தங்கச்சிய ஆபீஸ் ஆபீஸா அலையவிடச் சொல்றீங்களா மாப்ள?" என்றார். சரி என்றேன்.

6 பிப்ரவரி, வியாழன்

எம்பசி வேலை முடிந்தது. சாட்சிக்கு ரூம்மேட் ரகுநாதனும் யார்டில் வேலை செய்யும் இன்னொருவரும் பாஸ்போர்ட்டோடு வந்தார்கள். உட்கார்ந்திருந்தபோது படிக்க ஆரம்பித்தேன். மூன்றாம் பக்கம் வருவதற்குள் டோக்கன் கூப்பிட்டுவிட்டார்கள். "படித்துப் புரிந்துகொண்டுதானே போடுகிறீர்கள்?" என்று ஆபீசர் இந்தியில் கேட்டார். "ஜி சார்" என்றேன். எல்லாப் பக்கத்திலும் போட்டேன். சீல் அடித்தார்கள்.

கேம்ப்புக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, போட்டோகாப்பியைப் படுத்துக்கொண்டே படித்தேன். ஐந்தாம் பக்கம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 'மேற்படி சொத்தை முகவர் தமது விருப்பப்படி யாருக்கு வேண்டுமானாலும் விலை பேசி, கிரயப் பத்திரம் எழுதி, பதிவு செய்து கொடுக்கவும்.'

வீடு கட்டுவதற்குத்தானே பவர்? விற்கிறது எங்கேயிருந்து வந்தது?

7 பிப்ரவரி, வெள்ளி

ரகுநாதனிடம் காட்டியிருக்கக் கூடாது. அவனிடம் எதற்கும் ஒரு கதை இருக்கும். அவன் ஊர்க்காரர் ஒருவர் இப்படித்தான் பவர் கொடுத்துவிட்டு, லீவில் போய்த் தன் வீட்டில் பெல் அடித்தாராம். வேறு யாரோ கதவைத் திறந்து, "யார் வேணும்?" என்று கேட்டானாம். சொல்லிவிட்டு அவன் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டான். நான் ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

கேட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் மச்சானுக்குப் போன் போட்டேன். முதலில் மழை பற்றிக் கேட்டேன். பிறகு அவர் ரைஸ்மில் பற்றி. பிறகு, "பத்திரம் கொஞ்சம் நீளமா இருக்கே மச்சான்?"

"எல்லாருக்கும் ஒரே பார்மெட்தான் மாப்ள. ஏன், எதுவும் சந்தேகமா?"

"ச்சேச்சே, அதெல்லாம் இல்ல மச்சான்."

கார்மேகம் என்கிற வீரனின் வீரம் அவ்வளவுதான். என் மகள் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி பகலாகக் கூட இருந்தவர் அவர். அந்த மனிதரிடம் எந்த வாயால் கேட்பேன்? ஒரிஜினலை கூரியரில் போட்டுவிட்டேன்.

14 மார்ச், வெள்ளி

பத்திரத்துக்கு அங்கே பதிவாளர் ஆபீசில் முத்திரை வைத்தாகிவிட்டது. பூமி பூஜை போட்டோ வந்தது. ராதிகா பச்சைப் புடவையில் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வீணாகப் பயந்திருக்கிறேன்.

20 ஏப்ரல், ஞாயிறு

பேஸ்மட்டம் வரை வந்து வேலை நின்றிருக்கிறது. மணல் கிடைக்கவில்லையாம்.

1 ஜூன், ஞாயிறு

வேலை இன்னும் தொடங்கவில்லை. பைபாஸில் புதிதாக ஏதோ பெரிய கடை வருகிறதாம், மனை விலை ஏறிப்போச்சு என்று ராதிகாதான் சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்கு அந்த ஐந்தாம் பக்கம் ஞாபகம் வந்தது. "சைட்டுக்குப் போய்ப் பார்த்தியா?" என்றேன். "அண்ணன் பார்த்துக்குது. நான் எதுக்கு?" என்றாள். எப்போதும் பேசுகிற குரல்தானா அது? எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக அவள் குரலைப் போனில்தானே கேட்கிறேன்.

15 ஜூன், ஞாயிறு

மச்சான் பேசினார். நான் உயிரோடு இருப்பதாக ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கி அனுப்ப வேண்டுமாம். லைஃப் சர்ட்டிபிகேட். "எதுக்கு மச்சான்?" என்றதற்கு, "கரண்ட் ஆபீசுல கேக்குறாய்ங்க" என்றார்.

சிரிப்பு வந்தது. உயிரோடு இருப்பவன்தானே போனில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

16 ஜூன், திங்கள்

மத்தியான இடைவேளையில் சாதிக் பாட்ஷா பாயிடம் கேட்டேன். கம்ப்யூட்டரில் இருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கரண்டுக்கு இதெல்லாம் கேக்க மாட்டாங்களே கார்மேகம். பவர் வச்சிருக்கவரு சொத்தை இன்னொருத்தருக்குப் பதிஞ்சு கொடுக்கும்போதுதான் ரெஜிஸ்டர் ஆபீசுல கேப்பாங்க. கொடுத்தவரு மவுத்தாயிட்டா பவரும் அதோட முடிஞ்சிடும். அதனால ஆளு உசுரோட இருக்காருன்னு சமீபத்துல டாக்டர் எழுதுன பேப்பர் வேணும்."

"அப்ப அவரு..."

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்க விக்கச் சொன்னீங்களா?"

இல்லை. இல்லை. இல்லை. நான் சொல்லவில்லை.

வெளியே வந்து வெயிலிலேயே நின்று யோசித்தேன். அப்ப நான் உயிரோட இருக்கேன்னு நானே எழுதி வாங்கிக் கொடுத்தா, அதை வச்சே என் மனைய வித்துருவாரு. அப்படித்தானே?

17 ஜூன், செவ்வாய்

இங்கே டாக்டர் லீவு என்று மச்சானிடம் பொய் சொன்னேன். குரல் நடுங்காமல் சொல்லிவிட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

"பரவாயில்ல மாப்ள. நம்ம ஊருலயே ஒரு டாக்டர்கிட்ட வாங்கிக்கிறேன்" என்றார்.

நான் முசஃபாவில் இருக்கிறேன். அங்கே எந்த டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்ப்பார்? பாயிடம் ஓடினேன். பவரை ரத்து செய்யலாம் என்றார். அதற்கும் எம்பசிக்குப் போய் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், ஊருக்கு அனுப்ப வேண்டும், அங்கே ஒருவர் கொண்டுபோய்ப் பதிய வேண்டும். "அந்த ஒருத்தரு யாரு?" என்று பாய் கேட்டார்.

அதுதான் கேள்வி. ராதிகாவிடம் சொல்லலாமா? அவள் என் மனைவி. மச்சான் அவள் கூடப் பிறந்த அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் அவளைத் தூக்கி வளர்த்தவர். கல்யாணத்தில் எனக்கு மோதிரம் போட்டவர். நான் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிறவன்.

19 ஜூன், வியாழன்

எம்பசியில் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். டோக்கன் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை, இரண்டாவது முறை கத்தினார்கள். கூரியர் போய்ச்சேர ஒரு வாரம் ஆகலாம் என்கிறார்கள். ராதிகா பேருக்குத்தான் அனுப்பினேன். வேறு யார் இருக்கிறார்கள்?

ராத்திரி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பேப்பர் வரைக்கும்.

"அண்ணனா?" என்றாள்.

"ஆமா."

போனை வைத்துவிட்டாள்.

21 ஜூன், சனி

எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை.

22 ஜூன், ஞாயிறு

பக்கத்து வீட்டு உமாராணி அக்காவுக்குப் போட்டேன். "ராதிகாவா? பாப்பாவக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கே தம்பி, ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, நேராக அங்கேயே போயிருக்கிறாள்.

ரகுநாதன் கதை எதுவும் சொல்லவில்லை. அதுவே பயமாக இருந்தது. மனை போனால் போகட்டும். பதினோரு வருட வெயில் போனால் போகட்டும். இவளும் போய்ட்டா நான் யாருக்காக இங்க கெடந்து சாகுறேன்? லீவு கேட்டேன். சூப்பர்வைசர் "மாஃபி", கிடையாது என்றான்.

25 ஜூன், புதன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மத்தியானம் சவுதியில் யான்புவில் இருக்கும் சித்தப்பா மகன் மணிமாறன் போன் செய்தான். எடுத்து "சொல்றா" என்றேன்.

"கார்மேகம் அண்ணன் போன்ல யாரு பேசுறது?" என்றான்.

"நான்தாண்டா."

கேவிக் கேவி அழ ஆரம்பித்துவிட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு சொன்னான். நான் செத்துப்போய்விட்டதாக ஊர் முழுக்கப் பேச்சாம். சித்தி வாசலில் உட்கார்ந்து ஒப்பாரியாம். "யாருடா சொன்னது?" என்றேன்.

"ராதிகாவே சொல்லிருச்சாம் அண்ணே. பொட்ட அழிச்சுட்டு, பூவ எடுத்துட்டு, ரெஜிஸ்டர் ஆபீசுல வந்து நின்னுச்சாம்."

ஃபோர்க்லிஃப்டை அணைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் எனக்குத் தோன்றியதை இங்கே எழுதத்தான் வேண்டும். அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து என்னை முடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். செத்தவன் சொத்து பொண்டாட்டிக்கு, பொண்டாட்டி சொத்து அண்ணனுக்கு.

அப்புறம்தான் உறைத்தது. கொடுத்தவன் செத்தால் பவரும் முடிந்தது என்று பாய் சொன்னாரே. அதையும் நான் அவளிடம் சொல்லியிருந்தேனே. என்னைக் கொன்றால் மச்சானால் எதையும் விற்க முடியாது.

25 ஜூன், இரவு

ராதிகா பேசினாள்.

பத்திரப் பதிவு எந்தத் தேதி என்று தெரிந்துகொள்ளத்தான் அண்ணன் வீட்டில் போய்த் தங்கியிருக்கிறாள். அங்கிருந்து எனக்குப் பேசினால் அண்ணன் காதில் விழும் என்று எடுக்கவில்லை. கூரியர் வந்து சேரவில்லை. பதிவு இன்றைக்கு. வேறு வழி தெரியவில்லை என்றாள்.

"வாங்குறவங்க, அண்ணன், எல்லாரும் உள்ள இருந்தாங்க. நான் போயி ரெஜிஸ்டர் சார்கிட்ட, பவர் கொடுத்தவரு என் வீட்டுக்காரரு, அவரு இப்ப இல்லன்னு சொன்னேன். அண்ணன் பாஞ்சு வந்து, இவ பொய் சொல்றா, மாப்ள உசுரோட இருக்காரு, நேத்து டாக்டர் நேர்ல பார்த்து எழுதிக் கொடுத்திருக்காருன்னு பேப்பர நீட்டுச்சு. அபுதாபியில இருக்க மனுசன நேத்து எந்த ஊருல வச்சுப் பார்த்தாரு, கேளுங்கன்னேன். சார் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாரு. வாங்க வந்தவங்க காச எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. பதிவ நிறுத்திட்டாரு."

"பாப்பா?"

"முதல்லயே சொல்லிட்டேன். அப்பா நல்லா இருக்காரு, அம்மா ஒரு பொய் சொல்லப்போறேன், நீ அழாதன்னு. ஆனாலும் அழுதுச்சு."

வீடியோவில் வா என்றேன். வரமாட்டேன் என்றாள். "இந்த நெத்திய நீங்க பார்க்க வேணாம். ரத்துப் பத்திரம் பதிவாகுற வரைக்கும் இப்படித்தான் இருப்பேன். நான் பொட்டு வச்சேன்னு தெரிஞ்சா, பாருங்க, அவளே ஒத்துக்கிட்டான்னு அண்ணன் மறுபடி அங்க போயி நிக்கும்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

27 ஜூன், வெள்ளி

கூரியர் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் இன்னும் செத்துத்தான் இருக்கிறேன். ஊரில் இருந்து யார் போன் செய்தாலும் எடுக்கக் கூடாது என்று ராதிகாவின் உத்தரவு. மணிமாறனிடமும் யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லிவைத்தேன். ரகுநாதன் என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தான்.

அவள் வாயால் அப்படிச் சொன்னதே எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால் நடந்துவிடுமா? படித்தவன் மாதிரி யோசிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. அவளுக்கு இந்தப் பயம் இல்லாமலா இருந்திருக்கும்?

3 ஜூலை, வியாழன்

ரத்துப் பத்திரம் பதிவாகிவிட்டது. பதிவாளர் அவளைத் திட்டியிருக்கிறார். ரத்துப் பத்திரத்தில் என் கையெழுத்து இருக்கிறதே, செத்தவர் எப்படிப் போட்டார் என்று கேட்டாராம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றாளாம். அந்த டாக்டர் பேப்பரை மட்டும் அவர் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாராம்.

சாயங்காலம் வீடியோவில் வந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. இளைத்திருக்கிறாள்.

சேதுபதி வீட்டில் இருந்து ஆள் வந்து, இனிமேல் எங்களுக்குத் தங்கச்சி இல்லை, நல்லது கெட்டது எதற்கும் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு, "இனிமே எனக்கு உங்கள விட்டா யாரும் இல்லங்க. வண்டியப் பார்த்து ஓட்டுங்க" என்றாள்.

4 ஜூலை, வெள்ளி

யார்டில் இன்று லோடு அதிகம். சூப்பர்வைசர் "ஜல்தி, ஜல்தி" என்று பின்னாலேயே வந்தான். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன்.