இட்லிச் சட்டி என்று நான் வைத்த பேர்

மாப்ளே,

நேற்று என் ஆபீஸ் கம்ப்யூட்டர் மூச்சு முட்டிச் செத்துப்போனது. பார்க்க வந்த சர்வீஸ் பெண் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "ஏனுங் சார், இது கம்ப்யூட்டருங்களா, தலகாணிங்களா?" என்றாள். ஃபேன் இருந்த இடத்தில் குருவிக்கூடு மாதிரி பஞ்சு. அவள் ப்ளோயரை வைத்து ஊதியதும் அறை முழுக்கப் பறந்தது. கூடவே ஒரு வாசனை. அயர்ன் டேபிள்மேல் பனியன் கொஞ்சம் அதிக நேரம் கிடந்துவிட்டால் வருமே, அந்தச் சூடான பஞ்சு வாசனை. நான் எழுந்து பின்னால் நகர்ந்தேன். தூசி ஆகாதுங்களா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

நீ போய் ஒரு வருசம் ஆகப் போகிறது. உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அந்தப் படிக்கட்டில்தான் முடிவு செய்தேன்.

நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். பனியன் துணி பின்னுகிற என் நிட்டிங் கம்பெனியில் ஓடியது நாலு மெஷின். வெளியூர்க்காரர்களிடம் நாற்பது என்பேன். மங்கலம் ரோட்டில் ஒரு நாய் குறுக்கே வந்தால், நான் ஊடு வந்து சேருவதற்குள் அது சிறுத்தை ஆகியிருக்கும். சனங்களும் அதற்காகவே என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். நீ மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்வதை மனசுக்குள் பத்தால் வகுத்துக்கொண்டே சிரிப்பாய். இந்தக் கடிதத்தில் உனக்கு அந்த வேலை இருக்காது.

பென்டியம் ஃபோர் வாங்கி என் கண்ணாடி ரூமில் நான் வைத்த வருசம் ஞாபகம் இருக்கிறதா? கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முருகன் படத்துக்குக் கீழே மேசை போட்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். மூணு கிகாஹெர்ட்ஸ். அதன் அர்த்தம் எனக்குத் தெரியாது. மூன்று என்பது இரண்டைவிடப் பெரியது என்று தெரியும், அது போதுமானதாக இருந்தது. திருப்பூர் தாலுகாவிலேயே இதற்கு மேல் வேகமான மெஷின் கிடையாது, கார் ரேஸ் விளையாட்டில் வண்டி திரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது என்று பரப்பிவிட்டேன்.

நீ எக்ஸ்போர்ட் கம்பெனியில் மார்க்கர் போடுகிற வேலையில் இருந்தாய். துணி வீணாகாமல் பேட்டர்ன் துண்டுகளைக் கம்ப்யூட்டரில் அடுக்குகிற வேலை. சாயங்காலம் ஆனால் உதிரிப் பாகங்கள் வாங்கிக் கம்ப்யூட்டர் பூட்டுவாய். உன் கையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். எந்தப் ப்ராசசரில் அந்தக் கார் விளையாட்டு நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று வரிசையாக எழுதி வைத்திருப்பாய். செலரானுக்கு ஒரு பக்கம், பென்டியத்துக்கு ஒரு பக்கம், அத்லானுக்கு மூன்று பக்கம். ஒரே கிராபிக்ஸ் கார்டு, ஒரே மெமரி, ஒரே ரேஸ் பாதை. மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட்டதாக அர்த்தம் என்பாய். துணியைத் துவைத்துச் சுருக்கம் பார்க்கிறவனின் கறார் உனக்கு.

உன் அத்லான் ரெண்டு கிகாஹெர்ட்ஸ்கூட இல்லை. அது என் மெஷினை ஜெயிக்கும் என்று நீ சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் நாலு மெஷினும் நின்றுவிட்டன. (கரண்ட் போனதால் நின்றன. பார், பழக்கம் விடமாட்டேன் என்கிறது.) நீ கோபப்படவில்லை. என் நிட்டிங் மெஷினையே கை காட்டிக் கேட்டாய்.

"மெஷினு வேகமாச் சுத்துனா மட்டும் போதுமா மாப்ளே? ஒரு சுத்துக்கு எத்தன ஃபீடர்ல நூலு எறங்குதுன்னு பாக்க வேண்டாமா?"

ஃபீடர் அதிகம் இருக்கிற மெஷின் மெதுவாகச் சுற்றினாலும் துணி அதிகம் இறக்கும் என்பது என் தொழில். என் தொழிலை வைத்தே என்னை அடித்தாய். வாங்கிக்கொண்டு நிற்பது எனக்குப் பழக்கம் இல்லாத ஒன்று.

அந்த நேரத்தில்தான் பெருமாநல்லூரில் சென்னியப்பண்ணன் கேம் சென்டர் திறக்கப் போவதாகச் சொன்னார். பத்து மெஷின். உன்னிடம் பூட்டுவதா, கோயமுத்தூரில் போய்ப் பென்டியமாக வாங்குவதா என்று அவருக்குக் குழப்பம். அந்தப் பத்தும் கிடைத்தால் மார்க்கர் வேலையை விட்டுவிட்டு பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே கடை போட்டுவிடுவேன் என்று என்னிடம்தான் முதலில் சொன்னாய். கடைக்குப் போர்டு எந்தக் கலரில் எழுதலாம் என்றுகூடக் கேட்டாய். இரண்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஏற்பாடு செய்தவன் நான்தான். நீயே என் ஆபீசுக்கு வந்து, உன் அத்லானில் இருந்த அதே மாதிரி கார்டை என் மெஷினிலும் மாட்டிக் கொடுத்தாய். எனக்குப் பாதகமாக ஒரு ஸ்க்ரூகூட இருக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டாய்.

இனிமேல் வருவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போட்டிக்குப் பத்து நாள் முன்னால் உன் அத்லானை இரவல் கேட்டேன். துணி ரோல் எடையைக் குறித்து வைக்கிற கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்றேன். பொய். நீ சொல்வது நிசமா என்று எனக்குத் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணாடி ரூமில் வைத்தால் வருகிறவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று, மெஷின் ஓடுகிற இடத்தில் ஒரு மூலையில் வைத்தேன். "பஞ்சு பக்கம் மட்டும் வெச்சுறாத மாப்ளே, மூச்சு வாங்கற சாமான் அது" என்று நீ சொல்லித்தான் கொடுத்தாய். நான் தலையாட்டித்தான் வாங்கினேன்.

மத்தியானம் ஆட்கள் சோறு உண்ணப் போனதும் ஓட்டிப் பார்த்தேன். மாப்ளே, உன் மெஷின்தான் வேகம். வளைவில் என் பென்டியத்தில் திக்கித் திக்கித் திரும்புகிற வண்டி, உன்னுடையதில் எண்ணெய் விட்ட மாதிரி திரும்பியது. மூன்று நாள் ஓட்டினேன், மூன்று நாளும் அதே கதை. சூடாகிறதே என்று நானாகவே பக்கத் தகட்டைக் கழற்றி வைத்தேன். கேபினெட்டைத் திறந்து வைத்தால் காற்று வரும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் காற்றோடு வேறொன்றும் வரும் என்பதை மறந்தேன்.

அந்த வாரம் சின்னப் பிள்ளைகள் பனியனுக்குக் கோடு போட்ட துணி ஓடிக்கொண்டிருந்தது. கிளிப்பச்சைச் சாய நூல். போட்டி அன்று காலையில் தகட்டை மூட உட்கார்ந்தபோது பார்த்தேன். ப்ராசசருக்கு மேலே இருக்கிற ஃபேனுக்குள் பச்சைப் பஞ்சு அடை அடையாக இருந்தது. ஒரு பிரஷ் போதும். இரண்டு நிமிச வேலை. பக்கத்திலேயே கம்ப்ரசர் காற்று ஹோஸ் தொங்கியது. தினமும் அதில்தான் மெஷினை ஊதுகிறோம்.

நான் ஸ்க்ரூவை முடுக்கினேன்.

கொஞ்சம் பஞ்சுதானே என்று நினைத்ததாக இத்தனை வருசம் எனக்கே சொல்லி வந்தேன். அப்படி நினைத்தேனா, தோற்கப் போகிறோமே என்று நினைத்தேனா, இன்றைக்கும் உறுதியாகத் தெரியவில்லை. பார்த்தேன் என்பது மட்டும் உறுதி. முந்தின நாளே கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னவன், நேராகச் சென்டருக்கே கொண்டுவந்தேன். உனக்குத் திறந்து பார்க்க நேரம் இருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெருமாநல்லூரே திரண்டு வந்தது என்று கல்யாண வீடுகளில் சொல்வேன். சென்னியப்பண்ணனையும் நம்மையும் சேர்த்துப் பதினொரு பேர். முதலில் என் பென்டியம் ஓடியது. நீ நோட்டில் எண்ணைக் குறித்தாய், நல்லாத்தான் ஓடுது என்று பெருந்தன்மையாகச் சொன்னாய். பிறகு உன்னுடையது. முதல் சுற்றில் வண்டி பறந்தது. சென்னியப்பண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இரண்டாவது சுற்றில் திரை உறைந்தது. அப்புறம் கறுத்தது. மறுபடி போட்டாய், பாதையே வரவில்லை, அணைந்துவிட்டது. உனக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த வாசனை வந்ததும் நீ கேபினெட் பின்னால் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் இருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாய்.

"ஒரே நிமிசமுங்ணா, தொறந்து பாத்துர்றனுங்க" என்று சென்னியப்பண்ணனிடம் சொன்னாய்.

திறந்தால் கிளிப்பச்சை வெளியே வரும். அந்தச் சுற்று வட்டாரத்தில் அந்த வாரம் கிளிப்பச்சை யார் கம்பெனியில் ஓடியது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கு யோசிக்கக்கூட நேரம் வேண்டியிருக்கவில்லை. வாய் தானாகவே திறந்தது.

"தொறந்துறாதப்பா, ஆவி போயிரும். இட்லி இன்னும் வேகுல. அண்ணா, இதுல பத்து வாங்கிப் போட்டீங்கன்னா காலைல டிபன் கடையும் சேத்து நடத்திக்கலாமுங்க."

சென்னியப்பண்ணன் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குகிற நேரத்தில் யாரோ, இட்லிச்சட்டி இட்லிச்சட்டி என்று மறுபடி எடுத்துக் கொடுத்தார்கள். நீயும் சிரித்தாய். ஸ்க்ரூ டிரைவர் திரும்பவும் பைக்குள் போனது. சட்டைப் பையின் வாயை இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாவது தடவை போட்டாய். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்து மெஷினும் கோயமுத்தூரில் இருந்து வந்தன. உன் கடை வரவில்லை. கடைசி வரை மார்க்கர் போட்டாய். நான் அந்தக் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோனேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளர்த்தேன். ஒரு கட்டத்தில் உன் கேபினெட்டில் இருந்து நான் நிசமாகவே நாலு இட்லி எடுத்துச் சட்னியோடு தின்றேன். உன் பேரைச் சொன்னால் தெரியாதவர்களுக்கு இட்லிச்சட்டி என்றால் தெரிந்தது. நீ செத்த அன்றைக்கு உன் ஊட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திய ஒருத்தர் என்னிடம், "யாருங்க போயிட்டது, நம்ம இட்லிச்சட்டிங்களா?" என்று கேட்டார். நல்ல மனிதர், துக்கமாகத்தான் கேட்டார். ஆமாங்க என்று நானும் சொன்னேன்.

பதினாறாம் நாள் முடிந்து ஒரு மாதம் கழித்து உன் வீட்டுக்காரி என்னை வரச்சொன்னாள். டீ கொடுத்தாள். உன் நோட்டை எடுத்து வந்து வைத்தாள். எடுத்துக்கொள்ளச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்து உன் அருமை பெருமைகளை எல்லாம் அள்ளிவிட ஆரம்பித்தேன். அவள் நடுவில் நிறுத்தினாள்.

"அண்ணா, அன்னைக்கு உங்க கம்பெனீல பச்ச நூலு ஓடுச்சுங்களா?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. நீ அன்றைக்கு ஊட்டுக்கு வந்ததும் கேபினெட்டைத் திறந்ததையும், பஞ்சை எடுத்து ஒரு பேப்பரில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததையும் சொன்னாள். சுத்தம் செய்து ஓட்டியபோது ரேஸ் பாதை முழுதும் ஓடி முடித்ததாம். நோட்டில் அந்த எண்ணைக் காட்டினாள். என் பென்டியத்தின் எண்ணுக்கு நேராக, அதைவிடப் பெரிதாக, உன் குண்டுக் கையெழுத்தில் இருந்தது. அதைக் கொண்டுபோய்ச் சென்னியப்பண்ணனிடம் காட்டச்சொல்லி அவள் சண்டை போட்டாளாம்.

"'இரு, அவனே வந்து சொல்லுவான்'னாருங்ணா. நானும் இருந்தேன். அவரும் இருந்தாரு. நீங்க வாரந்தவறாம வந்து சோறு உண்டுட்டுப் போனீங்க, அதச் சொல்லவே இல்லீங்களே."

இத்தனை வருசம் நீ எனக்காகக் காத்திருந்திருக்கிறாய், மாப்ளே. நான் கதை சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் நீ என் முகத்தையே பார்ப்பாயே, அதை ரசிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம் என்று அவளிடம் சொன்னேன். ஸ்க்ரூ முடுக்கியதையும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "பொண்ணுக்குக் கல்யாணம் வருதுங்ணா. அவள இட்லிச்சட்டி பொண்ணுன்னு யாரும் கூப்புடக்கூடாது. நீங்க வெச்ச பேரு, நீங்களே எடுத்துருங்க."

எடுப்பது வைப்பதைப் போல இல்லை. டீக்கடையில் நாலு பேரைக் கூட்டி நடந்ததை நடந்தபடி சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேட்டுவிட்டு ஒருத்தன் தொடையைத் தட்டிச் சிரித்தான். பச்சைப் பஞ்சு புதுசா இருக்குது, இத்தன வருசமா எங்கீங் மாமா ஒளிச்சு வெச்சிருந்தீங்க என்றான். சத்தியம் செய்தேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள். நான் சத்தியம் செய்து சொன்ன சிறுத்தைகள் எல்லாம் அவர்களுக்கு ஞாபகம் இருந்தன.

அங்கே இருந்த சென்னியப்பண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. சென்டரை எப்போதோ மூடிவிட்டார், வயசாகிவிட்டது. முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப எதுதான் வேகமான மெஷினு?" என்றார். அவனுதுதானுங்க என்றேன். "அதத் தொறக்கறதுக்கு ஒரு நிமிசந்தான கேட்டான்" என்றார். டீக் காசை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த மாதம் உன் பொண்ணுக்குக் கல்யாணம். தாலி கட்டி முடித்ததும் பெரியவர்கள் நாலு வார்த்தை பேசுகிற இடத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறாள் உன் வீட்டுக்காரி. மாப்பிள்ளை வீட்டார், நம் ஆட்கள், அந்தப் பேரைச் சொல்லிப் பழகிய அத்தனை பேரும் இருப்பார்கள். நான் மைக்கைப் பிடித்த உடனேயே சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். ராத்திரியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், எந்த வார்த்தையில் தொடங்கினாலும் என் காதுக்கே அது கதை மாதிரி கேட்கிறது. வாயால் வாழ்ந்தவன் நான். பேசுவதற்கு இப்படி ஒரு தடவைகூடப் பயந்ததில்லை, மாப்ளே.