கரீமின் எஞ்சின்

தை, வெள்ளி இரவு.

மகன் கரீமின் காரிலிருந்து எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றி லாரியில் மாட்டிய பிறகு இன்றுதான் முதல் லோடு. லாரியின் பழைய எஞ்சின் பழுதாகிவிட்டது; யுத்த காலத்தில் ஸ்பேர் எங்கே கிடைக்கிறது? இரண்டையும் செய்த கம்பெனி வேகமாக ஓடுகிற காருக்கும் சின்ன லாரிக்கும் ஒரே எஞ்சின், ஒரே கியர்பாக்ஸ்தான் வைக்கிறதாம். மெக்கானிக் சொன்னார், சம்மதித்துவிட்டேன். மகனே மண்ணுக்குள் போய்விட்டான், கார் மட்டும் கொட்டகையில் நின்று என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

மிளகு ஏற்றக் கொல்லிமலை அடிவாரத்துக்குப் போனோம். மூட்டைகள் ஏறி முடிகிற நேரத்தில் மலைப்பாதையில், மேலே காட்டில் குடியிருக்கிற சடையன் இறங்கி வந்தான். தலையில் வாழைத்தார். கரீமின் கார்ச் சத்தம் கேட்டாலே அவனுக்கென்று எதையாவது சுமந்துகொண்டு இறங்கிவிடுவான். மழைக்காலம் முழுக்க மேலேயே இருந்தவனுக்குச் சேதி எட்டவில்லை.

"கியர் மாத்துற சத்தம் காடு வரைக்கும் கேட்டுச்சுங்க பாய். தம்பி எங்கீங்க?"



"அவன் எஞ்சின் மட்டுந்தான் வந்திருக்குது, சடையா."

டிரைவரைப் பார்த்தான். லாரியைப் பார்த்தான். பிறகு பானட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். தாரை அவன் திருப்பி எடுத்துப் போகவில்லை.

வண்டி கிளம்பும்போது நானும் காதுகொடுத்துக் கேட்டேன். அதே சத்தம்தான்.

நாளைக்கும் அடிவாரத்தில் லோடு இருக்கிறது. மேலே இன்னும் யார் யாருக்குச் சேதி தெரியாதோ.