வளையம் இரண்டு அங்குலம் தாழ்வு

செண்பகவல்லிக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் தாம்பரத்தில் சுகம்.

எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி இங்கே ஆடினால் ஜெயிக்கிறது, வெளியே போனால் தோற்கிறது. நேற்று கேலரியில் பையன்கள் ஒரே கத்தல்.

"கேப்டன் ஓவியாவ மொதல்ல தூக்கு மச்சான். வெளிய போனா பயந்துக்குது."

புதுத் தளம் போட்டதில் தரை உயர்ந்து, இங்கே வளையம் இரண்டு அங்குலம் தாழ்ந்துவிட்டது, அதில் பழகிய கை வெளியே தவறுகிறது என்றேன்.

"வாட்ச்மேன் தாத்தா, உனுக்கு இன்னா தெரியும்? கேட்டப் பாத்துகினு இரு!"

முப்பது வருஷம் தளம் போட்ட கொத்தனாரிடம் இந்தப் பேச்சு! கொஞ்சம் தள்ளுமுள்ளு, என் மூக்குக்கண்ணாடி மட்டும்தான் உடைந்தது.

சனிக்கிழமை அந்தப் பெண்ணை நீக்கப் போகிறார்கள். அதற்குள் அளந்து காட்டுவேன். நம் வீடு கட்டும்போது அளந்த இரும்பு டேப்பை உடனே அனுப்பு. இங்கே விற்பதை நம்பமாட்டேன். உன் பழைய சேலைத் துணியில் சுற்றி அனுப்பு. கேட்டில் ஹார்ன் அடிக்கிறார்கள்.

இசக்கிமுத்து