பன்னிரண்டாவது கட்டம்

இன்று மதியம் இஸ்திரிப் பெட்டியை உன் மஞ்சள் டி-சர்ட் மேல் வைத்தேன். குப்பென்று தைல வாடை எழுந்தது. இரண்டு முறை துவைத்தும் போகாத வாடை. வயிற்றில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஷிப்டுக்கு ஓடியவள்தானே நீ. பெட்டியை அணைத்துவிட்டு, ரவிக்கை அளவு எழுதும் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து உனக்கு எழுதுகிறேன். சிநேகிதி என்ற பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபத்தில் எழுதுகிறேன்.

முதல் கோபம் உன் வீட்டார் மேல். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உன் பீரோவைத் திறந்தார்கள். பட்டுப்புடவை ஒவ்வொன்றுக்கும் ஒரு உரிமைக்காரி வந்தாள். உன் நாத்தனார் அந்த அரக்குப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணி ஞாபகமா நான் வெச்சிக்கிறேன்" என்று அழுதாள். அதை நீ கட்டி நான் பார்த்தது இரண்டே தடவை. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தும், "பட்டு உடம்புல குத்துதுடி" என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் நீ. கம்பெனியில் கொடுத்த டி-சர்ட்டுதான் உனக்குப் பிடித்த துணி. வேலைக்கும் அதுதான், வீட்டில் நைட்டிக்கு மேலும் அதுதான். அவற்றை மட்டும் யாரும் ஞாபகத்துக்குக் கேட்கவில்லை. மறுவாரம் உன் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து பைக் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி இது?" என்றேன்.

"பழசுதானே அக்கா. பனியன் துணி, நல்லா தண்ணி இழுக்குது."

நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்த மனிதர் சாப்பிட்டே இரண்டு நாள் ஆனது போலிருந்தார், விட்டுவிட்டேன். மீதியை எல்லாம் மூட்டை கட்டி என் தையல் கடைக்குத் தூக்கி வந்தேன்.

உன் மகளுக்கு வேலூரில் நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலுக்குக் கொண்டுபோக ஒரு போர்வை தைத்துத் தருகிறேன் என்றேன். பன்னிரண்டு டி-சர்ட், பன்னிரண்டு கட்டம், அடியில் மெத்தென்று ஒரு நூல் புடவை. அவள் ஒன்றுதான் கேட்டாள். "அம்மா வாசன இருக்குமா பெரிம்மா?"

இருக்கும் என்று சொல்லிவிட்டேன். தைக்க உட்கார்ந்தால் மானம் போயிற்று. இருபது வருடம் பட்டு ரவிக்கை தைத்த கை. பட்டு வெட்டிய அளவில் அப்படியே நிற்கும். அந்தத் தைரியத்தில் டி-சர்ட்டையும் சரக்கென்று வெட்டி மிஷினில் ஓட்டினேன். பனியன் துணி இழுத்த பக்கமெல்லாம் வந்து, சதுரமாய் வெட்டியதெல்லாம் கோணிக்கொண்டு நின்றது. நீ இருந்திருந்தால், "பட்டுக்காரிக்கு பனியன் அடங்கலியா?" என்று சிரித்திருப்பாய். பிரித்து, ஓரத்தைச் சமன் செய்து, ரவிக்கைக் கழுத்து விறைப்பாய் நிற்க வைக்கிற கேன்வாஸை ஒவ்வொன்றின் பின்னாலும் இஸ்திரியில் ஒட்டி, மறுபடி தைத்தேன். பதினோரு கட்டம் முடிந்தது.

பன்னிரண்டாவது இந்த மஞ்சள். முதுகில் 'முழு வருகைக்குப் பாராட்டு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். வருடம் முழுவதும் ஒரு நாள்கூட லீவு போடாததற்கு மேடையேற்றிக் கொடுத்தார்கள். கைதட்டிய அத்தனை பேரில் ஒருவருக்கும் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரியவில்லை. "இன்னும் ரெண்டு மாசம்டி, இப்ப லீவு போட்டா பரிசு போயிடும்" என்றாய். பரிசு வந்தது. சித்திரையில் வேலையிடத்திலேயே விழுந்தாய். இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். என்ன செய்தாளா? தவறாமல் வேலைக்குப் போனாள் ஐயா, அதற்குச் சாட்சியாக ஒரு பனியனும் வாங்கி வைத்திருக்கிறாள்.

அதைப் போர்வையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஒளித்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் நீலத் துணியை வைத்தேன். நேற்று உன் மகள் வந்து பார்த்தாள்.

"மஞ்சள் எங்க பெரிம்மா?"

"அது வேணாம்மா. அதுதான் உங்கம்மாவ கொண்டு போச்சு."

அவள் அந்த நீலக் கட்டத்தை விரலால் தடவினாள். பிறகு சொன்னாள்: "அதப் போட்டுக்கினுதான் அம்மா மாடியில நின்னு போட்டோ எடுக்கச் சொன்னாங்க. அவங்களா ஜெயிச்சது அது ஒண்ணுதான். உங்க கோவத்த என் போர்வையில காட்டாதீங்க."

ஒளித்துவைத்ததை இன்று மதியம் வெளியே எடுத்து இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன். அவளுக்குத் தெரியாத ஒன்று நமக்குள் இருக்கிறது. நீ விழுவதற்கு முந்தின தை மாதம், உன் வார லீவு நாளில், என் கடைக்கு வந்து நின்றாய். "ஆஸ்பத்திரிக்கு கூட வரியாடி? தனியா போக பயமா இருக்குது" என்றாய். மிஷினில் கல்யாணப் பெண்ணின் ரவிக்கை. தலையை நிமிர்த்தாமல், "முகூர்த்தமெல்லாம் முடியட்டும்டி, போலாம்" என்றேன். சரி என்று போனாய். மாசி போயிற்று, பங்குனியும் போயிற்று. நீ மறுபடி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு யாரும் பனியன் கொடுக்கவில்லை, ஆனாலும் ஒரு நாள் கடையைச் சாத்தவில்லை. இத்தனை நாள் கம்பெனியைத் திட்டினேனே, பாதித் திட்டு எனக்குச் சேர வேண்டியது.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய், நீலத் துணியைப் பிரித்து, மஞ்சளைத் தைத்தேன். முகத்துப் பக்கம் வருகிற மூலையில் வைத்தேன். மற்ற பதினொன்றிலும் சோப்பு வாசனைதான். இது ஒன்றில்தான் நீ இருக்கிறாய்.

சாயங்காலம் உன் மகள் வந்தாள். போர்வையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஆவணிக் கல்யாணத்து ரவிக்கையை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"வியாழக்கெழம ஹாஸ்டல்ல சேரணும். அப்பாவுக்கு லீவு இல்லியாம். கூட வரீங்களா பெரிம்மா?"

வியாழக்கிழமை முகூர்த்த நாள். மிஷினை நிறுத்தி, தலையை நிமிர்த்தி, "வரேம்மா" என்றேன்.

கடை விடுமுறை என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டார் வந்து திட்டுவார்கள், திட்டட்டும். அன்றைக்கு நீ ஒரு வார்த்தை திட்டாமல் சரி என்று போனாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.